சஹன் காக்கா காட்டிய பிறை

ஓர் ஊரையே ஒரு நாள் முந்தி நோன்பு பிடிக்க வைக்கப் பார்த்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நீங்கள் என்னை ஏசி முடித்துவிட்டு ஆறுதலாகச் சஹன் காக்காவைப் பற்றி வாசிக்கலாம்.

கல்முனையில் கடலைப் பார்த்து வீடு கட்டியவர்கள் ஏராளம். வானத்தைப் பார்த்துக் கட்டியவர் அவர் ஒருவர்தான். மேல்தட்டில் டெலஸ்கோப்புக்குப் போக மிஞ்சியதுதான் அவர் மனைவி, எங்கள் மதினிக்குத் துணி காயப்போட இடம். தளபாடக் கடை வைத்திருந்தார். அலுமாரி எப்போது வரும் என்று கேட்டுவிட்டால் போதும்.

"பக்கத்துக் கலக்ஸிர வெளிச்சம் இருபத்தஞ்சி லட்சம் வருசமா வந்துக்கிட்டிரிக்கி. ஒங்களுக்கு ரெண்டு கிழம பொறுக்கேலாதா?"

கலியாண வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி ஆறுபேர் இருந்து உண்ணும் சஹன்தான் அவருடைய கரும்பலகை. நடுவே குவிந்த சோறு நம் பால்வீதியின் மையம். ஓரத்தில் ஒதுங்கிய முந்திரிகை வற்றல் சூரியன். அடுத்த பாயில் இருக்கும் சஹன், பக்கத்துக் கலக்ஸியான அந்திரொமீடா. அவர் விளக்கி முடிப்பதற்குள் நாங்கள் கோழியை முடித்திருப்போம். அதனால் அவரோடு இருந்து சாப்பிட எப்போதும் அடிபிடி.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று, அந்த அந்திரொமீடாவை ஊருக்குக் காட்டுவது. அது இருக்கும் திசையில்தான் பள்ளிவாசலின் பெரிய விளக்கும் எரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் நூர்த்து இருட்டாக்கித் தரச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டார். கடைசியில், பள்ளியை நிர்வகிக்கும் தலைமை மரைக்கார், தானே வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஒத்துக்கொண்டார். வந்த நாள், நோன்புப் பிறை பார்க்கும் அந்தி.

காக்கா டெலஸ்கோப்பை மேற்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மரைக்காரை வரவேற்கக் கீழே போனார். அவரோடு மேல்தட்டில் நின்ற நான் கண்ணை வைத்தேன். மெலிந்த, அழகான பிறை! "பிறை கண்டாச்சி!" என்று தெருவுக்கே கத்தினேன். வட்ஸ்அப்பில் செய்தி அக்கரைப்பற்று வரை போய், கேள்வியாகத் திரும்பி வந்தது. பெண்கள் விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கு அரிசி களையத் தொடங்கிவிட்டார்கள்.

மரைக்கார் மூச்சுவாங்க ஏறிவந்து வானத்தைப் பார்த்தார். பிறை இல்லை. ஒரு நட்சத்திரம்தான் பளபளத்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

காக்காவின் முகம் செத்துவிட்டது. விளக்கும் போச்சு, மானமும் போச்சு. ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"பொடியன் பொய் செல்லல்ல மரைக்கார். பிறைதான். ஆனா நம்மட பிறை இல்ல, அந்தா மினுங்குற வெள்ளிக் கிரகத்திர பிறை. அதுவும் சந்திரன் மாதிரித் தேஞ்சி வளர்ற சாமான்தான். பாருங்க."

மரைக்கார் குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் வேறென்ன தெரியும் என்று கேட்டார். காக்கா பள்ளி விளக்கைக் காட்டினார். மரைக்கார் போன் எடுத்து, நாளைக்கு நோன்பில்லை என்றும் விளக்கை நூர்க்கும்படியும் சொன்னார். நன்றாக இருட்டியதும் விளக்கு நூர்ந்தது. தென்னைகளுக்குச் சற்று மேலே அடுத்த பாயின் சஹன் புகைபோல மங்கலாகத் தெரிந்தது. மரைக்கார் பார்த்து "ம்" என்றார். பிறை பார்க்க ஏறிவந்திருந்த மற்றவர்களும் பார்த்தார்கள், அவர்களும் "ம்".

காக்கா என்னைக் கூப்பிட்டு இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரைக் குழப்பினவனுக்கு ஏன் திரும்பவும் காட்டுறீங்க என்று கேட்டேன்.

"பாத்துப்போட்டுக் கத்தின ஆள் நீ மட்டுந்தாண்டா."