ஏழாம் நம்பர் முலாம்பழம்

"யாரைக் கேட்டு மருந்து அடிச்சீங்க?"

ஒரு மாதப் பயிற்சி முடிந்து திரும்பிய முலாம்பழ ஆராய்ச்சியாளர், பசுமைக்குடிலில் தலையில் கைவைத்து நின்றார்.

"அடுத்த வாரம் இயக்குநர் வர்றாரே சார்! ஒரு பூச்சிகூட கண்ணுல படக்கூடாதுன்னு வாரம் தவறாம அடிச்சேன்" என்றார் தோட்டக்காரர் பெருமையாக.

படவேண்டியதே பூச்சிதான். இலைத்துளைப்பான் ஈயின் புழு, இலைக்குள்ளேயே குடைந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போடும். அந்த ஈ தொடாத ரகம் என்று பன்னிரண்டு வருடம் பாடுபட்டு உருவாக்கியதுதான் ஏழாம் நம்பர். பக்கத்துப் பாத்தியில் பழைய ரகம் கோடு விழுந்து நின்றால்தானே இதன் அருமை தெரியும்? இரண்டும் பளபளவென்று நின்றன. இயக்குநர் திருப்தியடையாவிட்டால் பன்னிரண்டு வருடமும் குப்பைக்குத்தான்.

ஆராய்ச்சியாளர் வெளியே வலைவீசி ஈ பிடித்து வந்து செடிகள்மேல் விட்டார். காலையில் அத்தனையும் செத்துக் கிடந்தன.

"மருந்து வாடை போக பழைய ரகத்து இலையைக் கழுவுங்க."

தோட்டக்காரர் எதிலும் குறைவைக்காதவர். குழாயை முழு வேகத்தில் திறந்தார். பழைய ரகம் கந்தலாகிவிட்டது.

இயக்குநர் வருவதற்கு முந்தின நாள் வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினாள். "உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு பூச்சி வீட்டுக்கே வருது. மாடியில என் முலாம்பழச் செடியைப் போய்ப் பாருங்க, இலை பூரா கோடு!"

பல மாதங்களுக்குப் பிறகு மனிதர் மாடியேறினார். கோடென்றால் அப்படியொரு கோடு! அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் விடியுமுன் தொட்டியோடு கடத்திவந்து, பாத்தியில் புதைத்து, 'பழைய ரகம்' என்று அட்டையும் நட்டார்.

இயக்குநர் வந்தார். இந்த இலையையும் அந்த இலையையும் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!" என்று பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் மனைவி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள். "என் செடி! திருடன் கொண்டுபோயிட்டான்னு தெருவெல்லாம் தேடிட்டு உங்ககிட்ட சொல்ல ஓடி வரேன்!"

ஆராய்ச்சியாளர் வழிந்தார். "உதாரணத்துக்கு... வீட்டுச் செடிதான் சார் அகப்பட்டுது."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்ல. ஏம்மா, இவ்வளவு சொத்தை ரகத்தை எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையிலயா? துவைக்கப் போட்ட இவர் சட்டைப் பையில ஒரு விதைப் பொட்டலம் இருந்துச்சு சார். மேல 'ஏழு'ன்னு எழுதியிருந்தாரு."