பெண் பார்க்க வந்த காருக்கு எண்ணெய் பார்த்தவர்

மலேசிய மண்ணில் அடுத்தவர் காருக்காக பானட் அண்ணனைப் போல் கவலைப்பட்ட மனிதர் இன்னொருவர் கிடையாது. ஜே.பி. நகரில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டால் கிளினிக் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொல்வார். யார் காரில் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று கேட்டால் பானட் அண்ணன் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். தெருவுக்கு அது தேவைப்படவில்லை. இத்தனைக்கும் அவர் மெக்கானிக் இல்லை. சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்ப்பவர். வாரம் முழுக்க எல்லைப் பாலத்து நெரிசலில் பைக்கில் போய் வருவார். ஞாயிறு காலையில் கைலி, தோளில் குட்மார்னிங் துண்டு, கையில் டார்ச் லைட் சகிதம் வாசலுக்கு வந்து தன் காரைத் திறப்பார். அதில் ஒருநாளும் ஒரு குறையும் இருக்காது. அந்த ஏமாற்றத்தோடு தெருவில் இறங்குவார்.

"தம்பி, பானட்டத் தூக்குங்க. சும்மா பாத்துட்டுப் போயிடறேன்."

அந்த 'சும்மா'வுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எண்ணெய்க் குச்சியை உருவுவார். துண்டில் துடைப்பார். மறுபடி விட்டு எடுத்து வெயிலில் பிடிப்பார். விரலில் தொட்டுத் தேய்த்து முகர்வார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு பிரேக் எண்ணெய், கூலண்ட், பேட்டரித் தண்ணீர், கடைசியில் வைப்பர் தண்ணீர். நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட் காரின் ரேடியேட்டரில் அவசரத்துக்குப் பைப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்று கண்டுபிடித்த பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். காரோடு மட்டும் பேசினார். "உனக்கு வாய்ச்சது இப்படி. என்ன பண்றது."

அவர் மனைவி வேலி ஓரமாக நின்று என் அம்மாவிடம் சொல்வார்: "வீட்ல அரிசி முடிஞ்சது இவருக்குத் தெரியாதுக்கா. கடைசி வீட்டு வைப்பர்ல தண்ணியில்லைங்கறது தெரியும்."

இரண்டு விஷயங்களில் அவர் மகா கண்டிப்பு. ஓடி வந்த சூட்டோடு எஞ்சின் எண்ணெய் பார்க்கக் கூடாது. அது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே இறங்கியிருக்காது. சரிவில் நிற்கும்போதும் பார்க்கக் கூடாது. எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி அளவு பொய் சொல்லும். எங்கள் வரிசை வீடுகளில் வாசல் சாக்கடைக்கு மேல் ஆளாளுக்கு ஒரு சிமெண்டுச் சரிவு கட்டி அதில்தான் காரை நிறுத்துவோம். அங்கே வைத்து யாராவது குச்சியை உருவிவிட்டால் போதும். "அலமாக், சமதரையில விட்டுப் பாருங்கலா" என்று நாலு வீடு தள்ளியிருந்து குரல் வரும்.

இந்த லட்சணத்தில்தான் என் அக்கா கவிதாவைப் பெண் பார்க்க வந்தார்கள்.

பெண் பார்ப்பது பேருக்குத்தான். அக்காவும் கோத்தா திங்கி சேகரும் ஏற்கனவே ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துவிட்டவர்கள். சேகருக்கு அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அவருடைய அம்மாவுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. "ஜே.பி. பொண்ணுங்களுக்கு வாய் அதிகம், நமக்குச் சரிப்படாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மகன் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திய பிறகுதான் இறங்கி வந்தார். வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்ற முடிவோடு வருகிறார் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"டேய், அவங்க கிளம்பற வரைக்கும் பானட் அண்ணே நம்ம வாசப்பக்கம் வரக்கூடாது" என்றாள். "வந்தாரு, உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்."

நான் திட்டம் போட்டேன். என் காரைத் தெருமுனைக்கு ஓட்டிப் போய் நிறுத்திவிட்டு, "அண்ணே, கியர் எண்ணெய்ல ஏதோ வாடை வருது" என்றேன். அவர் முகத்தில் தீபாவளி. தலையை உள்ளே விட்டார். விருந்தாளிகளை வரவேற்க நான் வீட்டுக்கு ஓடினேன்.

சேகர் பத்திக் சட்டையில் வந்தார். காரை எங்கள் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினார். அவருடைய அம்மா சோபாவில் உட்கார்ந்து சீலிங் காற்றாடியில் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். அக்கா தேநீர்த் தட்டோடு அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். அதே நேரம் வாசலிலிருந்து பானட் அண்ணன் உள்ளே வந்தார். கையில் எண்ணெய்க் குச்சி. முகத்தில் சாவுக்களை.

"வெளிய நிக்கறது யாரு காரு?"

"என்னுதுதாண்ணே" என்றார் சேகர். "கதவைப் பூட்டல."

"எஞ்சின்ல எண்ணெயே இல்ல தம்பி. நான் ஒரு போத்தல் ஊத்திட்டேன், அது போவட்டும். எண்ணெய் ஆலையில வேலையாம், காருல எண்ணெய் இல்லயாம். இந்த வண்டியிலயா பெத்த தாயை ஏத்திட்டு வந்தீங்க? எண்ணெய் பாக்காத ஆளு நாளைக்குப் பொண்டாட்டிய எப்படிப் பாப்பாரு?"

"போன வாரந்தாண்ணே சர்வீஸ் விட்டேன்."

"விட்டிருந்தா குச்சி நனையும்ல?"

அப்பா முறுக்குத் தட்டை எல்லாருக்கும் நீட்டினார். யாரும் எடுக்கவில்லை. சேகரின் அம்மா எழுந்தார். "சேகர், கிளம்பு. கூப்பிட்டு உக்கார வெச்சு அவமானப்படுத்தறாங்க." எங்கள் அம்மா கெஞ்சினார். அப்பா தடுத்தார். சேகர் தாயைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். ஒரு தேநீர் ஆறிப்போகிற அளவுக்கு வாசற்படியில் இழுபறி நடந்தது. பலிக்கவில்லை. அக்கா தட்டோடு அங்கேயே நின்றாள். என் பக்கம் திரும்பிய பார்வையில் எனக்கு ஆயுள் தண்டனை இருந்தது.

சேகர் காரைப் பின்னால் எடுத்துத் தெருவில் சமமாக நிறுத்தினார். "இருங்க, ஊத்தினது சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடறேன்" என்று பானட் அண்ணன் மறுபடி குச்சியை விட்டார். எடுத்தார். துடைத்தார். விட்டார். எடுத்தார். இரண்டு கோடுகளுக்கு மேலே, வெகு மேலே, எண்ணெய் மினுங்கியது.

அவர் காரைப் பார்த்தார். எங்கள் சரிவைப் பார்த்தார். யாருக்கும் எதுவும் தெரியாது. பேசாமல் பானட்டை மூடியிருந்தால் கார் போயிருக்கும், வழியில் எங்கேயாவது புகை கக்கியிருக்கும், பழி சேகர் தலையில் விழுந்திருக்கும். அதற்குள் சேகரின் அம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டார். பானட் அண்ணன் காருக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. தப்பு என்னுது."

தெருவே வெளியே வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

"சூட்டோட பாத்துட்டேன். அதுவும் சாய்ப்புல. மாப்பிள்ளை கார்னு ஒரு அவசரம். தம்பி மேல குத்தமே இல்லம்மா. கூடுதலா ஊத்தினத வடிச்சாத்தான் வண்டி நகரணும்."

ஜாக்கி போட்டார்கள். கட்டை வைத்தார்கள். அம்மாவின் புதுத் துணித்தொட்டி எண்ணெய் பிடிக்கப் பறிமுதலானது. அண்ணன் காருக்கடியில் புகுந்தார். பத்திக் சட்டையோடு சேகரும் புகுந்தார். டார்ச் அடிக்கக் குனிந்த எனக்கு அவர்கள் பேச்சு கேட்டது.

"கோவமா தம்பி?"

"இல்லண்ணே. சட்டையில கறை படாம இருக்கணும்னு காலையிலருந்து மூச்சுகூடப் பாத்துத்தான் விட்டேன். இப்ப நிம்மதியா இருக்கு."

வெளியே, போக வழியில்லாத சேகரின் அம்மாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டோம். அக்கா புதிதாகத் தேநீர் கொண்டுவந்தாள்.

"யாரும்மா அந்த ஆளு? இப்படியா அடுத்த வீட்டு வண்டியத் திறப்பாங்க?"

அக்காவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "நீங்க வேற அத்தை. போன வருஷம் எதிர்வீட்டுத் தாத்தா செத்துட்டாரு. பொணத்த ஏத்தியாச்சு, எல்லாரும் அழுதுட்டு இருக்கோம். இவரு அந்த வேனோட பானட்டத் திறந்து தண்ணி பாக்கறாரு. கேட்டா, போறவரு போயிட்டாரு, நடுரோட்ல நின்னா எவன் தள்ளறதுங்கறாரு."

சேகரின் அம்மா தேநீரை வாயில் வைத்திருந்தார். அது பெருந்தவறு. புடவையெல்லாம் தேநீர். இருமினார், சிரித்தார், மறுபடி இருமினார். அக்கா முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே அடுத்த கதையை ஆரம்பித்தாள். கார் தயாரானபோது இரண்டு பேரும் பானட் அண்ணனை மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்கள்; அவ்வளவு ஒற்றுமையை அந்த வீட்டு வாசலில் நான் பார்த்ததில்லை.

"வாய் கொஞ்சம் அதிகந்தான்" என்றார் சேகரின் அம்மா, புறப்படும்போது. "பரவால்ல. எனக்கும் பேச்சுத்துணை வேணும்."

கல்யாணம் கோயிலில் நடந்தது. மறுநாள் மத்தியானம் நல்ல மழையில் அக்காவும் சேகர் மாமாவும் கோத்தா திங்கிக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப எல்லோரும் நின்றோம். பானட் அண்ணனை மட்டும் காணோம். அவருடைய காரையும் காணோம். சாயங்காலம் நனைந்துபோய் வந்தவரிடம் எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

"கோத்தா திங்கிக்கு. மீன் வாங்க" என்றார். கையில் மீன் இல்லை. பின்சீட்டில் எண்ணெய்ப் போத்தலும் கூலண்டும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தன.

அன்று இரவு அக்கா போன் செய்தாள். "வழி பூரா ஒரு லைட்டு எங்க பின்னாடியே வந்துச்சுடா. வீட்டு வாசல்ல நாங்க இறங்கற வரைக்கும் தள்ளி நின்னுட்டு, உள்ளகூட வராம திரும்பிடுச்சு. நம்ம வீட்லருந்து கிளம்பும்போது நான் அழல. அந்தக் காரு திரும்புறதப் பாத்துதான் அழுதேன்."