மண்டபத்தில் அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம், மாப்பிள்ளை

குழித்துறை

கர்த்தருக்குள் பிரியமுள்ள மாப்பிள்ளை விபின் அவர்களுக்கு,

உங்கள் வருங்கால மாமனார் ரசலையன் எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று குடும்ப ஜெபத்தில் தினமும் உங்கள் பெயரைச் சொல்கிறோம். இங்கே உங்கள் மாமி ராஜபாய்க்கு மூட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஜெனிலா ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டாள், மழை பெய்து ஆறு நிறைந்து ஓடுகிறது. நான் ஒருத்தன்தான் சுகமாக இல்லை. இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். மைக் கையில் இருந்தால் ஊருக்கே பேசுகிறவன் நான், தனி ஆளிடம் போனில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் கடிதம்.

விஷயம், வரவேற்பு அன்று ஜெனிலா மண்டபத்துக்குள் நுழையும்போது போட வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய இசை. அது ஏதோ ஒரு வீடியோ கேமில் வருவது, ஒரு ஆள் தனியாகத் தோணியில் போய் ஆற்றோரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுவான், சண்டை கிடையாது, யாரும் பெரிதாக வாங்கவில்லை, ஆனால் இசை தங்கம், இந்தியாவிலேயே இதைக் கேட்டவர்கள் சொற்பம் என்றெல்லாம் விளக்கமாக எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, அந்தச் சொற்பப் பேரும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். குழித்துறையில் அந்த இசையைத் தெரியாத ஆள் பிறந்த குழந்தைதான். ஏனென்றால் ஒரு வருஷமாக எங்கள் ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி மரண அறிவிப்புக்குப் போகும்போது நான் போடுவது அதைத்தான்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. முன்பு போட்டுக்கொண்டிருந்த சோக இசை பாதியில் அறுந்து நின்றுவிடும், நான் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி தடாலென்று தொடங்கும். ஜெனிலாவின் லேப்டாப்பில் ஒருநாள் இது ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதும் அசந்துபோனேன். இத்தனை வருஷம் மைக் செட் நடத்துகிறவன், எனக்கும் காது உண்டு. கேம் ஆடுகிறவன் எவ்வளவு நேரம் ஆடுவான் என்று யாருக்கும் தெரியாது அல்லவா, அதனால் தலை எது வால் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி சுற்றிச் சுற்றி வரும்படி அதைச் செய்திருக்கிறான். நடுவில் மனுஷன் பேசினால் குறுக்கே விழாது, ஒதுங்கி நிற்கும். மரண அறிவிப்புக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா? "இது எங்கேருந்து பிள்ளே?" என்று கேட்டேன். "சும்மா டவுன்லோடு செஞ்சது அப்பா" என்றாள். நானும் ஏற்றிக்கொண்டேன்.

இப்போது அது முதல் நாலு சுரம் விழும்போதே ஊர் கன்னத்தில் கை வைத்துவிடும். நீங்கள் அனுப்பியதை நான் அடுக்களையில் வைத்து போனில் போட்டேன். ராஜபாய் கேஸை அணைத்துவிட்டு "யேசுவே, ஆரு மரிச்சா?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையால் தலையை மூடினாள். ஜெனிலா வாசல் மறைவில் நின்று சிரித்தாள். அவள் விஷயம் தனி. ஆட்டோ எங்கள் வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் ஊரே முகம் வாடி நிற்க, எங்கள் மகள் மட்டும் ஜன்னலில் நின்று சிரிப்பாள். பிள்ளைக்குப் புத்திக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து போதகரிடம் கூட்டிப்போய் தலையில் கைவைத்து ஜெபிக்கவும் செய்தோம். அடுத்த மரணத்துக்கும் சிரித்தாள். இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, எழுதிவிட்டேன்.

வேறு இசை அனுப்புங்கள் என்று உங்களிடம் கேட்டபோது காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் பெரிய மனதோடு அனுப்பினீர்கள். கேமில் கடைக்குள் போனால் வரும் இசை என்று ஒன்று, துள்ளலாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் போட்டதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐஸ்காரன் வந்துவிட்டான் என்று ஓடிவந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தி வைத்தால் வரும் இசை என்று இன்னொன்று, அது தொடங்கினதா இல்லையா என்று தெரிவதற்குள் ஜெனிலா மேடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். மழை பெய்யும் ஊருக்கான இசை எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு தரம் கேட்டேன், ராஜபாய் மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவிட்டாள். கடைசியில் "எது வேணுமானாலும் மாத்துங்க மாமா, ஆனா என்ட்ரிக்கு அந்த விளக்கு மியூசிக்தான்" என்று சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, ஊரின் மனதை மாற்றலாம் என்று பார்த்தேன். நல்ல காரியங்களுக்கும் அதையே போட்டால் பழகிவிடும் அல்லவா? களியக்காவிளையில் ஒரு பேக்கரி திறப்புக்கு என் செட். அங்கே நம் ஊர்க்காரர் யார் வரப்போகிறார் என்று தைரியமாகப் போட்டேன். கேரளத்துப் பக்கத்து ஆட்கள் தலையாட்டி ரசித்தார்கள். அதற்குள் நம் ஊர் லீமா அந்த வழியாகப் பஸ்ஸில் வந்திருக்கிறாள். இறங்கி நேரே முதலாளியிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவுக்கு எப்பம் ஆச்சு? நேத்து பாத்தப்பம்கூட நல்லாத்தானே இருந்தாவ?" என்று அழத் தொடங்கிவிட்டாள். உள்ளே இருந்த அவருடைய அப்பா எட்டிப்பார்த்து "ஆருக்கு?" என்று கேட்டார். கேக் வெட்டுவதற்குமுன் என்னைச் செட்டோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

அப்படியானால் மரணத்துக்குப் போடுவதை நிறுத்தலாமே என்பீர்கள். அதையும் செய்தேன். எங்கள் சபை மரியஜானின் அப்பா தவறியபோது பழைய சோக இசையைப் போட்டு ஆட்டோவை அனுப்பினேன். அடக்கம் முடிந்த கையோடு மரியஜான் வீட்டுக்கு வந்துவிட்டான். "எனக்க அப்பனுக்கு என்ன குறைச்சல் கண்டீரு? ஊருல ஒள்ளவனுக்கு எல்லாம் அந்தப் பாட்டு, எனக்க அப்பனுக்கு மட்டும் பழசா? அவரு நாப்பது வருசம் கொயர்ல பாடின மனுசன்!" என்று வாசலில் நின்று கத்தினான். எனக்கு அழுகை வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஞானபாய் பாட்டி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டு, "மக்கா, எனக்கு அதத்தான் போடணும், ஏமாத்திப் போடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இனி எனக்கு வழி தெரியவில்லை. அன்று பட்டனை அழுத்த வேண்டியவனும் நானே. நான் அழுத்தினதும் என்ன நடக்கும் என்று இப்போதே எனக்குத் தெரிகிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் தலையில் முக்காடு போட்டு விம்முவார்கள். போதகர் பழக்கத்தில் அடக்க ஆராதனைப் பக்கத்தைத் திருப்பினாலும் திருப்புவார். பேச்சிப்பாறையிலிருந்து வரும் உங்கள் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது, பாதி மண்டபம் அழுவதைப் பார்த்து, பெண்ணுக்கு இஷ்டமில்லாத கல்யாணம் என்றுதானே நினைப்பார்கள்? ஒரே மகள், மாப்பிள்ளை. அவள் சிரித்துக்கொண்டு உள்ளே வர வேண்டும், வேறொன்றும் நான் கேட்கவில்லை. தயவுசெய்து அந்த ஐஸ் வண்டிப் பாட்டாவது இருக்கட்டும்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம் சொல்லவும். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடவும், கேம் ஆடிக்கொண்டு கண் விழிக்க வேண்டாம். நீங்கள் போகும் வழியிலும் வரும் வழியிலும் கர்த்தர் கூட இருப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மாமா
ரசலையன்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்க இதை ஜெனிலாவிடம் கொடுத்தேன். முதலில் சிரித்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். உங்கள் அத்தை கொண்டுவந்த சம்பந்தம் என்று இதுவரை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையே அல்ல என்றும், நீங்கள் இருவரும் காலேஜிலிருந்தே பழக்கம் என்றும், நீங்கள் அவளுக்கு முதன்முதலாக அனுப்பியது அந்த விளக்கு இசைதான் என்றும் இப்போதுதான் சொல்கிறாள். "நீங்க ஊர்ல ஆரு மரிச்சாலும் எங்க பாட்டப் போட்டுட்டு போனிய. நான் என்னத்தச் சொல்ல அப்பா? ஜன்னல்ல நின்னு சிரிக்கத்தான் முடிஞ்சுது" என்றாள். ஜெபம் ஏன் பலிக்கவில்லை என்று போதகரிடம் நான் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் விடவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். அந்தப் பாட்டே இருக்கட்டும், நானே போடுகிறேன். ஊர் அழுதால் அழட்டும். அன்றைக்கு எப்படியும் ஒருத்தன் அழத்தான் போகிறான், துணைக்கு ஆள் இருந்தால் வெளியே தெரியாது.