காளையை வண்டி ஏற்றும் வழி

ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அந்த வசந்தத்தில் நான் ஒரு சபதம் எடுத்தேன். சபதத்தைச் சமையலறையில் வைத்து எடுத்தது தப்பு. அங்கே என் மனைவி ஜோலீன் இருந்தாள்.

"என்னைப் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு, எல்டன். ரத்தம், ஸ்கேன், எல்லாமே. என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. இனி உன்னைத்தான் பார்க்கணும்."

"என்னைப் பார்க்க என்ன இருக்கு? தினமும் பார்க்கிறியே."

"தினமும் பார்த்துத் தெரியறதா இருந்தா நான் ஏன் டாக்டர்கிட்ட போறேன்?"

"இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்ன. அதுக்கு முந்தின வருஷமும் சொன்ன. எனக்கு முப்பத்தாறு முடிஞ்சாச்சு. இந்த வயசுல ஆறு மாசம் பார்த்துட்டு வந்திருக்கணுமே, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்கன்னு டாக்டர் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?"

"எங்க தாத்தாவுக்குப் பதினோரு பிள்ளைங்கன்னு சொல்லு."

"அப்போ அவரையே கூட்டிட்டு வாங்கம்பார்."

அவள் பெரோகி என்கிற மாவுக் கொழுக்கட்டைக்குள் உருளைக்கிழங்கை அடைத்து ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகின விதத்தைப் பார்த்து நான் என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு பசு ரெண்டு வருஷமாச் சினை பிடிக்கலைன்னா நீ என்ன பண்ணுவ?"

மாடு வளர்க்கிறவனிடம் மாட்டுக் கேள்வி கேட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "வித்துடுவேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

ஜோலீன் பெரோகியைக் கீழே வைத்தாள். "காளையைப் பார்க்க மாட்ட?"

"காளையையும்தான் பார்ப்போம். வருஷா வருஷம் பார்க்கிறோமே."

"பசுவோட விடறதுக்கு முன்னாடியே பார்க்கிறீங்க. இங்க கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு."

நான் கதவைத் திறந்துகொண்டு மாடுகளைப் பார்க்கப் போய்விட்டேன். வீட்டில் தோற்கும்போதெல்லாம் எனக்கு மாடுகளின் ஞாபகம் வந்துவிடும். எங்கள் பண்ணை மாடுகள் கொழுகொழு என்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

வெளியே போனால் மட்டும் நிம்மதியா? வேலிக்கு அந்தப் பக்கம் டெல்மர் நிற்பான்.

டெல்மருக்கு நாலு பிள்ளைகள். கடைசி இரண்டும் இரட்டை. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் தடவைக்கு ஒன்று போதுமாக இருக்கிறது. அவனுக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் எல்லாரும் காப்பி குடிக்கும்போது அவன் இரண்டு கையிலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டு வருவான். கண்காட்சியில் பரிசு வாங்கிய பூசணிக்காயைக் கொண்டுவருகிறவன்கூட அப்படி நடக்க மாட்டான்.

ஜோலீன் அதில் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். அதன் உச்சந்தலையை மெல்ல முகர்வாள். காப்பி ஆறிப்போகும்.

அப்போது எனக்கு டெல்மர் மேல் பொறாமை வரும். அவன் மனைவி ரோண்டா மேல் வரும். அந்தக் குழந்தை மேலேயே வரும். எங்கள் வைக்கோல் கொட்டகைப் பூனை ஏணிக்கு அடியில் குட்டி போட்டபோது நான் அதற்குப் பால் வைக்காமல் இருந்தவன். ஜோலீன்தான் வைத்தாள்.

பிறகு ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். மே மாதம் எங்கள் ஊரில் காளைகளைச் சோதிப்பார்கள். எல்லாரும் காளைகளை ஏற்றிக்கொண்டு மாட்டு டாக்டரின் கொட்டகைக்குப் போவோம். காளையின் விந்தணுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். தேறினதா இல்லையா என்று அங்கேயே சத்தமாகச் சொல்வார். தேறின காளை புல்வெளிக்குப் போகும். தேறாத காளை அந்த வாரமே சந்தைக்குப் போகும். சுற்றி நிற்கிறவர்கள் தொப்பியைக் கழற்றி அதன் சொந்தக்காரனுக்கு ஆறுதல் சொல்வார்கள். காளைக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை. அதன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் காளை டியூக், வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. உதவிக்கு வந்த டெல்மர் கயிற்றைப் பிடித்து இழுத்தான். டியூக் அவனை ஒரு தூசியைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"விடுப்பா. இழுத்தா வராது" என்றேன். "ஒரு பசுவை முன்னால ஏத்து. இவன் பின்னாலேயே வந்துடுவான்."

ஜோலீன் வேலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அந்தப் பசு பக்கத்துல வேற ஒரு காளை நின்னுச்சுன்னா இன்னும் சீக்கிரம் ஏறுவான். இந்த ஜாதிக்குப் பலம் உடம்பு பூரா. மூளை மட்டும் வேற இடத்துல."

"அப்படியா" என்றாள்.

பசுவை ஏற்றினோம். டியூக் பின்னாலேயே ஏறியது. டாக்டர் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார். என் காளை மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் விஷயங்கள் மாறின.

முதலில் என் பீர் காணாமல் போனது. பெட்டியோடு. "எங்கே?" என்றேன்.

"டெல்மருக்குக் கொடுத்துட்டேன்."

"என் பீரை அவனுக்கு ஏன் கொடுக்கற?"

"பாவம், பிள்ளைங்களோட கஷ்டப்படறான்."

அடுத்து, கொல்லைப்புறத்து வெந்நீர்த் தொட்டி. நாள் முழுக்க வேலை செய்துவிட்டுக் கழுத்துவரை அதில் ஊறினால்தான் நான் மனுஷன். பம்பு கெட்டுப்போச்சு என்றாள். நான் பார்க்கிறேன் என்றேன். "வேண்டாம், டெல்மர் வந்து பார்க்கறேன்னிருக்கான்" என்றாள். டெல்மர் வந்தான். பார்த்தான். கெட்டுத்தான் போயிருக்கு என்று சொல்லிவிட்டு, என் பம்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். பம்பில் சிரிக்க என்ன இருக்கிறது?

அப்புறம் அவள் காரில் ஒரு பை கிடந்தது. உள்ளே ஆண்கள் போடும் உள்ளாடை, புதுசு. தொளதொள என்று, பூப்போட்டது. நான் இறுக்கமாகப் போடுகிறவன். அளவைப் பார்த்தேன். என் அளவு. டெல்மருக்கும் அதே அளவுதான். அவன் வீட்டுக் கொடியில் காய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஒரு திங்கட்கிழமை தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"ஏன்?"

"நீ குறட்டை விடற."

"ஏழு வருஷமா விடறேனே."

"இன்னிக்குத்தான் கேட்டுச்சு."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பீர் போனது, தொட்டி போனது, மனைவி போனாள். எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

புதன்கிழமை சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு சாஸ்கடூன் டவுனுக்குப் போறேன். நீ வர வேண்டாம்."

"என்ன வேலை?"

"இருக்கு. டெல்மரும் அந்தப் பக்கம்தான் வர்றானாம்."

வியாழக்கிழமை காலை அவள் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள். எங்கள் கல்யாணத்தன்று பூசியது. அவள் கார் சாலைக்குப் போனதும் நான் என் லாரியில் ஏறினேன்.

என்னைப் போலத் துப்பறிகிறவன் இந்த மாகாணத்தில் கிடையாது. தூரம் விட்டுத்தான் போனேன். நடுவில் ஒரு தானிய லாரி புகுந்துகொண்டது, அவளைத் தவறவிட்டேன். என் நல்ல நேரம், கொஞ்சம் தள்ளி அவள் சாலையோரம் காரை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று இருந்த கண்ணாடி. நான் வேகத்தைக் குறைத்து, தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளும் கிளம்பினாள். நகரத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் வெகு முன்பாகவே விளக்கைப் போட்டாள். மஞ்சள் விளக்கு விழுந்த இடத்திலெல்லாம் நின்று நின்று போனாள். வீட்டில் என்னதான் செய்தாலும் வண்டியை ஒழுங்காக ஓட்டுகிறாளே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு கட்டடத்தின் முன் நிறுத்தினாள். பக்கத்தில் ஏற்கெனவே டெல்மரின் லாரி நின்றது. அவள் உள்ளே போனாள்.

வாசலில் பெரிதாகப் பலகை இருந்தது. கோபத்தில் இருக்கிறவன் பலகை படிப்பதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேஜையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்:

"எங்கே அவங்க ரெண்டு பேரும்?"

அந்தப் பெண் பதறவே இல்லை. "உங்க பேர் என்ன சார்?"

"எல்டன் ஹாகன். இப்போ உள்ளே வந்தாளே, அவ புருஷன்."

"வாங்க மிஸ்டர் ஹாகன். சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க." ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தை எடுத்து என் கையில் வைத்தாள். மூடியில் என் பெயர் ஒட்டியிருந்தது. "மூணு நாளா... ஒதுங்கித்தானே இருந்தீங்க?"

அடுத்த அறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்கு மறுபடியும் கேட்டது.

திரும்பினேன். ஜோலீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் எனக்கு இடம்பிடித்து அந்த உள்ளாடைப் பையை வைத்திருந்தாள். எதிரில் டெல்மர், இரண்டு கையிலும் இரட்டையர்.

"உட்காரு எல்டன்" என்றான். "என் பக்கத்து நாற்காலியில மட்டும் உட்காராதே, கிறீச்சிடும். ஆறு வருஷம் அதுலதான் உட்கார்ந்திருந்தேன்."

"நீயா?"

அவன் தாடையால் சுவரைக் காட்டினான். சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். நடுவில் இரட்டையர். மேலே அவனுடைய மூத்தவள். ஓரத்தில் பல் விழுந்த சிரிப்போடு இரண்டாமவன்.

"நாலுமா?"

"நாலும். ரோண்டா படம் ஒட்டச் சொன்னா, கொண்டுவந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லலையேடா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு..."

"நீ கேட்கலையே." அவன் ஒரு குழந்தையின் வாயைத் துடைத்தான். "ஊர்ல எவனாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டானான்னு எவ்வளவு நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா? நீ பட்ட. நல்லாத்தான் இருந்துச்சு. கெடுத்துக்க மனசு வரல."

நான் ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொப்பிக்குள் வைத்தேன்.

"பம்பு?"

"பிளக்கைப் பிடுங்கி வெச்சேன். ஆம்பளைக்கு அந்தச் சூடு ஆகாதாம்."

"பீர்?"

"அதுவும் ஆகாதாம்."

"இது?" பையைக் காட்டினேன்.

"இறுக்கமாப் போடக் கூடாதாம். இனிமே இதுதான். பூ உனக்கு நல்லா இருக்கும்."

"உதட்டுச்சாயம்?"

அவள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து முதல் தடவை வர்றோம். நல்லா இருக்கணும்னு தோணுச்சு."

நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "என்கிட்டதான் குறைன்னு வந்தா? தேறாத காளையை நாங்க அந்த வாரமே சந்தைக்கு ஏத்திடுவோம், ஜோலீன்."

"தெரியும். உன்னைச் சந்தையில வெச்சா யார் வாங்குவா? நான்தான் திரும்ப வீட்டுக்கு ஓட்டிட்டு வரணும்." அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "குறை இருந்தா அதுக்கு வைத்தியம் இருக்கு. அங்க உட்கார்ந்திருக்கிறவனைப் பாரு. காத்துக்கிட்டிருந்தாத்தான் வைத்தியம் இல்லாமப் போகும்."

நான் டெல்மரைப் பார்த்தேன். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன். அதுவரை கையில் இருந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நேராச் சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்றேன்.

"ரெண்டு வருஷம் நேராத்தான் சொன்னேன்."

"நான் பின்னாலேயே வருவேன்னு எப்படித் தெரியும்?"

"இழுத்தா வராதுன்னு நீதானே சொல்லிக்கொடுத்த. பசுவை முன்னால விட்டேன்."

"அப்போ டெல்மர்?"

"இன்னும் சீக்கிரம் ஏறுவான்னியே."

டெல்மர் இரட்டையரின் முகத்துக்கு நடுவில் முகத்தை மறைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நர்ஸ் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. மெதுவாகத்தான். யாரும் தொப்பியைக் கழற்றவில்லை. நான் கிண்ணத்தோடு அவள் பின்னால் போனேன்.

வீடு திரும்பும்போது அவள் கார் முன்னால், என் லாரி பின்னால். அவள் விளக்குப் போட்ட இடத்தில் நானும் போட்டேன். முற்றத்தில் இறங்கியதும் சொன்னாள்:

"அடுத்த வியாழக்கிழமை முடிவு சொல்வாங்களாம். ரெண்டு பேரும் வரணுமாம். டெல்மரை வரச்சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "நானே ஏறிக்கிறேன்."