சிக்கனமாகப் புறா விட்ட கதை

செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிறவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. திருடன்கூட வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவான். சிக்கனக்காரன் அப்படியில்லை, திட்டம் போட்டுக்கொண்டு வருவான், கூட்டம் கூட்டுவான், கைதட்டல் வேறு எதிர்பார்ப்பான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த மகானுபாவன் நான்தான்.

ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் எனக்குக் காஸ்டிங் செக்‌ஷன். ஒரு போல்ட்டு செய்ய என்ன செலவாகிறது என்று சொல்வது என் வேலை. அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வருவது என் வியாதி. ரசத்துக்கு எத்தனை நிமிஷம் கேஸ் எரிகிறது என்று ஒருமுறை வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி வனிதா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். (அதற்குப் பிறகு நான் சமையலறைக்குள் வாட்ச் கட்டிக்கொண்டு போனதில்லை.)

இப்படிப்பட்டவனைத்தான் பல்லாவரத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் கரீம் பாய் கண்டுபிடித்தார். ஷூவுக்கு நான் பேரம் பேசிய விதத்தைப் பார்த்தே அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

"சார், நீங்க எங்க சம்மேளனத்துக்குப் பொருளாளரா வரணும்."

"என்ன சம்மேளனம் பாய்?"

"புறாப் பந்தயம் சார்."

'தாம்பரம் சுற்றுவட்டார ஹோமர் புறாப் பந்தய சம்மேளனம்' என்பது முழுப்பெயர். சண்டை போட்டுப் பிரிந்த இரண்டு சங்கங்கள் சண்டை போட ஆள் பத்தாமல் மறுபடி சேர்ந்தபோது வைத்தது. பந்தயம் என்பது இதுதான்: எல்லாருடைய புறாக்களையும் ஒரே வண்டியில் ஏற்றி நெல்லூருக்குக் கொண்டுபோய், காலையில் ஒன்றாகத் திறந்துவிடுவார்கள். அவை பறந்து அவரவர் வீட்டு மாடிக் கூண்டுக்கு வந்து சேர வேண்டும். காலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சுரண்டினால் ஒரு நம்பர் தெரியும். சொந்தக் கூண்டுக்கு முன்னால் நின்று, இடம் தெரிகிற மாதிரி, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்த்து வேகமான புறாவுக்குக் கோப்பை. அதுவரை நான் புறாவைத் தொட்டதுகூடக் கிடையாது. அது நல்ல தகுதியாகவே எனக்குப் பட்டது, கணக்குப் பார்க்கிறவனுக்குப் பாசம் இருக்கக்கூடாது அல்லவா?

முதல் கூட்டத்திலேயே பாய் கையை விரித்துவிட்டார். வேன் வாடகை ஏறிவிட்டது, சோளம் ஏறிவிட்டது, மருந்து, வளையம், கோப்பை, பேனர், பரிசளிப்பு பிரியாணி எல்லாமே ஏறிவிட்டது. பெட்டியில் இருப்பது பிரியாணிக்கே பத்தாது. "இந்த வருஷம் சீசன் வேணாம்பா, வுட்டுடலாம்" என்றார்.

அப்போதுதான் படப்பை தேவசகாயம் அண்ணன் எழுந்தார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி சீட்டு வரை கேட்கும்.

"பாய், அப்டி சொல்லாத பாய். பையன் வண்டலூராண்ட பிளாட் வாங்கிக்கீறான். நாய் வெச்சுக்கலாமாம், புறா வெச்சுக்கக் கூடாதாம். சீசன் முடிஞ்சா நான் அங்க போயாவணும். எனக்கு இதான் கடைசி. ஒரு தபா, ஒரே ஒரு தபா, நம்ம ரோஸி ஜெயிச்சுட்டா போதும்."

ரோஸி அவருடைய புறா. அண்ணன் அதுவரை ஒரு ஆறுதல் பரிசுகூட வாங்கியதில்லை. முந்தின வருஷம் அவர் விட்ட புறா மூன்றாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கியது. (வழியில் யாரோ பிடித்து, வளையத்தில் இருந்த நம்பருக்குப் போன் செய்து அனுப்பிவைத்தார்கள். ஆட்டோ சார்ஜ் அண்ணன் தலையில்.) இப்போது மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டக்டர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு வீரம் வந்துவிட்டது.

"சீசன் நடக்கும்ணா. எங்கிட்ட விடுங்க. கால்வாசிச் செலவுல முடிச்சுக் காட்டறேன். அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் என் கைக்காசு" என்றேன். வனிதா கூட்டத்தில் இல்லாத தைரியம்.

ராத்திரியெல்லாம் எக்செல் ஷீட் போட்டேன். விஷயம் ரொம்ப எளிது. ஆளாளுக்குத் தனியாகச் சோளம் வாங்குகிறார்கள், தனியாக மருந்து வாங்குகிறார்கள், புறாவைப் பழக்குவதற்குத் தனித்தனியாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறார்கள். என்ன அநியாயம்! பந்தயத்துக்கு விடும் இந்த வருஷத்துக் குஞ்சுகளையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துவிட்டால்? ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே டாக்டர். எங்கள் செம்பாக்கம் வீட்டு மொட்டைமாடி சும்மாதானே கிடக்கிறது? (சும்மா கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம். வனிதாவின் துணிக்கொடியும் வடாமும் நெல்லிக்காயும் வேறு அபிப்பிராயத்தில் இருந்தன.) வேனுக்குப் பதில் நெல்லூரிலிருந்து தாம்பரத்துக்கு அரிசி கொண்டுவந்துவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி. கோப்பைக்கு, எங்கள் மகள் யாழினி ஸ்கூலில் வாங்கியதைப் பாலிஷ் போட்டு, 'கோகோ இரண்டாம் பரிசு' என்பதன்மேல் புது ஸ்டிக்கர்.

கரீம் பாய் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "குஞ்சுங்க இன்னும் சரியா வெளியகூட பறக்கல. நம்ம வூட்ட மறந்துடாதா சார்?"

"பாய், ஹோமர்னாலே வீட்டுக்கு வர்றதுதானே? அது ரத்தத்துலயே இருக்கு" என்றேன், பரம்பரை பரம்பரையாகப் புறா மேய்த்தவன் போல. பாய் யோசித்தார். ஒரு மாசத்துத் தீனி மிச்சம் என்பதையும் சேர்த்து யோசித்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

புறாக்கள் வந்து இறங்கின. அண்ணன் ரோஸியைக் கொடுக்கும்போது, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி மூக்கைச் சிந்தினார். இரண்டு நாள் கழித்து ஒரு பாக்கெட் பொரியோடு பார்க்க வந்தார், பழைய கண்டக்டர் பை தோளில். கூண்டுக்குள் ரொம்ப நேரம் இருந்துவிட்டு, எங்கள் வீட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் அவசரமாகப் போய்விட்டார். பாவம், துக்கம் என்று நினைத்தேன்.

பயிற்சி அமோகமாக நடந்தது. முதலில் பெருங்களத்தூரில் விட்டேன். நான் ஸ்கூட்டரில் வீடு திரும்புவதற்குள் அத்தனையும் எங்கள் மாடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுத்து காட்டாங்குளத்தூர், அப்புறம் செங்கல்பட்டு. எங்கே விட்டாலும் ஒன்று தவறாமல் எங்கள் மாடி. போட்டோ எடுத்து, "நூறு பர்சென்ட் ரிட்டர்ன்!" என்று குரூப்பில் போட்டேன். கட்டைவிரல், கைதட்டல், பூங்கொத்து, கரீம் பாய் அனுப்பிய ஆடும் பொம்மை என்று குவிந்தன. போட்டோவைப் பாருங்கள்: பல்லாவரத்துப் புறா, படப்பைப் புறா, காட்டாங்குளத்தூர்ப் புறா எல்லாமே செம்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. புறா வளர்த்தே தலை நரைத்த மனுஷர்கள் அவ்வளவு பேர் அதைப் பார்த்தார்கள். ஒருத்தருக்காவது உறைத்ததா? உறைக்கவில்லை. எனக்கு மட்டும் எங்கிருந்து உறைக்கும்?

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் கூடைகளில் அடைத்து லாரியில் ஏற்றினோம். மறுநாள் ஞாயிறு. கரீம் பாய் மாடியில் எனக்குச் சிறப்பு விருந்தினர் நாற்காலி, தலைக்கு மேல் குடை, கையில் சமோசா. "விட்டாச்சு" என்று லாரி டிரைவர் வீடியோ அனுப்பினார். நாங்கள் வடக்கே பார்த்தோம்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். வர வேண்டிய நேரம் வந்தது, போனது. ஒரு காக்கா வந்தது. பாய் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். குரூப்பில் "யாருக்காவது வந்துச்சா?" என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். அண்ணன் குரல் பதிவு அனுப்பினார்: "ரோஸியக் காணோம் சார். எனக்கு நெஞ்சு அடிச்சிக்கினே கீது." நானும் சமோசாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்போது வனிதாவிடமிருந்து போன்.

"என்னங்க, ரேஸ் முடிஞ்சிடுச்சா?"

"எங்கம்மா? இன்னும் ஒண்ணுகூட வரலை. எல்லாருக்கும் உயிரே போகுது."

"வரலையா? அப்ப இங்க என் வடாமைத் தின்னுட்டு இருக்கறதெல்லாம் யாரு?"

ஒரு மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கூண்டு காலி. அம்மாவும் பெண்ணுமாக மாடியைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை வேட்டி விரித்து, ஜவ்வரிசி வடாம் பிழிந்திருக்கிறார்கள். நெல்லூரிலிருந்து பசியோடு பறந்து வந்த மொத்த சம்மேளனமும் அதன்மேல் இறங்கிவிட்டது. பின்னணியில் யாழினி "அம்மா, இதோட கால் ஒட்டிக்கிச்சும்மா!" என்று கத்துவது கேட்டது.

போனை வைத்தேன். பாய் என் முகத்தையே பார்த்தார். வெகு மெதுவாக அவருக்குப் புரிந்தது. "அடப்பாவி மனுஷா," என்றார், "எல்லாத்தையும் உன் வூட்டுப் பிள்ளையா ஆக்கிட்டியே!" ஒரே வாக்கியத்தில் 'சார்' போய்விட்டது.

அடுத்த அரைமணியில் எங்கள் தெருவில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. எல்லாரும் செருப்போடு மாடிக்கு ஓடினார்கள். அவனவன் தன் புறாவைத் துரத்த, மிச்ச வடாமையும் காலில் மிதித்துத் துவைத்தார்கள். இங்கே போட்டோ எடுத்தால் செல்லாது, சொந்தக் கூண்டுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். ஆகவே புறாப் பந்தயம் அந்த நிமிஷம் ஸ்கூட்டர் பந்தயமாக மாறியது. ஒருவர் புறாவை ஹெல்மெட்டுக்குள் வைத்து மடியில் கட்டிக்கொண்டு ஓட்டினார். கரீம் பாய் தன்னுடையதை ஷூ டப்பாவில் போட்டு, எனக்கு டாட்டாகூடக் காட்டாமல் பல்லாவரத்துக்குப் பறந்தார். மாடியேறி, போனைத் தயாராக வைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தார். அது அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே கிளம்பியது. பாய் மறுபடி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எங்கள் தண்ணீர் டேங்க் மேல் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொருத்தர் கதையும் இதேதான். ஒருத்தராலும் ஒரு போட்டோ எடுக்க முடியவில்லை.

கூட்டத்தில் தேவசகாயம் அண்ணன் மட்டும் இல்லை. ரோஸியும் எங்கள் மாடியில் இல்லை. சீசனைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த மனுஷனின் கடைசிப் புறாவையும் தொலைத்துவிட்டேனே என்று வடாம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வனிதா திட்டவில்லை. அவள் திட்டாவிட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

பொழுது சாய்கிற நேரத்தில் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. இடம் படப்பை. ஸ்டிக்கர் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கூடவே ஒரு குரல் பதிவு, போனைக் காதில் வைக்கத் தேவையே இல்லை: "சார்! வந்துட்டா சார்! ரோஸி வந்துட்டா சார்!"

அப்புறம்தான் அண்ணன் உண்மையைக் கக்கினார். ரோஸி இல்லாமல் அவருக்கு இரண்டு ராத்திரி தூக்கமே வரவில்லையாம். பொரி கொடுக்க வந்த அன்றே அவளைப் பையில் போட்டுக்கொண்டு, அதே நிறத்தில் தாம்பரம் ஸ்டேஷன் கூரையில் பிடித்த ஒரு ஊர்ப்புறாவைக் கூண்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தினமும் பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பாக ரோஸியைக் கொண்டுபோய் விட்டுப் பழக்கியிருக்கிறார். கூடையில் அடைத்த சாயங்காலம் மறுபடி மாற்றிவிட்டார். ஒரு மாசம் நான் கிராம் கணக்கில் நிறுத்துச் சோளம் போட்டது ரயில்வே புறாவுக்கு. தீனியை எண்ணினேனே தவிர, வளையத்தை ஒருநாளும் பார்க்கவில்லை. (வெளியே விட்டதும் அது எங்கள் மாடிக்கே திரும்பிவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. எங்கேயும் போவதாக உத்தேசமில்லை.)

பகலெல்லாம் எங்கெங்கோ சுற்றிவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் வந்த ரோஸிதான் முதல் பரிசு. சொந்தக் கூண்டுக்கு வந்த ஒரே புறா அவள்தானே, யாரால் என்ன சொல்ல முடியும்? ஏமாற்றுவேலை என்று ஒருத்தர் முணுமுணுத்தார். "அந்தாளு மட்டும்தான்பா ஒழுங்கா பந்தயம் வுட்டான்" என்று கரீம் பாய் அடக்கிவிட்டார். கோப்பையை வாங்கும்போது அண்ணன் அழுத அழுகையில் ஸ்டிக்கர் நனைந்து பிய்ந்து, 'கோகோ' தெரிந்தது. "அது இன்னாவா வேணா இருக்கட்டும் சார்" என்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சீசன் முடிந்ததும் ரோஸியை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். "உங்க வூட்ல இருந்தா எந்தப் புறாவும் போகாது சார், அதான்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பிளாட்டுக்குப் போனார். நானும் விட்டேனா? நல்ல பட்டாணியாகப் போட்டு, வாரக்கணக்கில் அடைத்து வைத்துப் பழக்கினேன். கதவைத் திறந்த அன்றே படப்பைக்குப் பறந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அண்ணன் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிளாட்டிலிருந்து படப்பைக்குப் பஸ் ஏறிவிட்டார். "அவ வந்துட்டா. நான் மட்டும் அங்க ஒக்காந்துகினு இன்னா பண்றது?" என்று பையனிடம் கேட்டாராம். பழைய வீட்டை விற்கும் பேச்சை அதோடு பையன் விட்டுவிட்டான். இப்போது அங்கே அவரும் ரோஸியும் கோப்பையும்.

மற்ற புறாக்கள்? சொந்தக்காரர்கள் எத்தனையோ தடவை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். நூறு பர்சென்ட் ரிட்டர்ன். கடைசியில் அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சோளம், பட்டாணி, மருந்து, வருகிறவர்களுக்குக் காபி எல்லாம் என் செலவு. சொன்னபடியே சம்மேளனத்துக்குக் கால்வாசிதான் ஆயிற்று. மிச்ச முக்கால்வாசி இன்றுவரை என் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. வடாம் கடையில் வாங்குகிறோம்.

போன மாசம் வனிதாவின் தம்பி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். மூன்றாவது வாரம் ஊருக்குக் கிளம்பி, பஸ் கிடைக்கவில்லை என்று ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து நின்றான். வனிதா இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். யாழினிதான் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அப்பா, மாமாவுக்கும் சோளம் போட்டியா?"