நான் பாடியபோது மண்டபமே எழுந்து நின்றது

எனக்கு அசல் பாட்டுகளைவிட, அவற்றை வேறு யாராவது எடுத்துப் பாடிய வடிவங்கள்தான் பிடிக்கும். உலகமே ஆடித் தீர்த்த ரொக் பாட்டை ஒரு பெண் தனிக் கிற்றாரோடு, நேற்றுத்தான் வீடு எரிந்தவள் மாதிரி இழுத்துப் பாடுவாளே, அதுதான் எனக்குச் சங்கீதம். சிக்கல் என்னவென்றால், பல பாட்டுகளின் அசலை நான் கேட்டதே இல்லை. (கறி ருசியாக இருந்தால் யாராவது போய் ஆட்டைப் பார்க்கிறார்களா?)

பனிச்சங்கேணியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். பல்கலைக்கழகமும் முடித்து, இங்கிலிஷும் படித்திருந்தேன். அந்த நாட்களில் என் தலைக்கனத்துக்குத் தனியாக ஒரு பஸ் டிக்கெட் எடுத்திருக்கவேண்டும்.

என் தோழி ரொசலின் மட்டக்களப்பு டவுனில், போர்த்துக்கேய வழிவந்த பறங்கிக் குடும்பத்துப் பெண். அவளுடைய மாமா ஜெரல்ட் ஒரு பேண்ட் வைத்திருந்தார். கலியாண வீடுகளில் ஆங்கிலப் பாட்டுகளை பைலா ஆடத் தோதாக இன்னும் வேகமாக்கி வாசிப்பார்கள். பாட ஒரு பெண் தேவைப்பட்டது. ரொசலினின் கலியாணத்தில் ஒரு பாட்டுப் பாடு, சரிவந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு அந்த இடம் வேண்டும். ‘படிச்சு முடிச்சு என்ன செய்யிறாய்?’ என்று ஊரே விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது.

“எந்தப் பாட்டு மகள்?”

பெயரைச் சொன்னேன்.

“அது நம்மட பாட்டுத்தானே. எண்டாலும் ஒருக்கா வந்து எங்களோட பாடிப் பாருங்க.”

“தேவையில்ல அங்கிள். எனக்கு நல்ல பாடம்.” (படித்த பிள்ளைக்கு ஒத்திகை எதற்கு?)

கலியாணத்துக்கு அப்பாவும் வந்தார். களப்பில் மீன்பிடிக்கிறவர், மடிப்புக் கலையாத சட்டையோடு பின்வரிசையில் இருந்தார். “எனக்கு இங்கிலிஷ் விளங்காது. நீ பாடக்குள்ள உன்ட முகத்தப் பாத்தாப் போதும்.”

மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடினேன். ட்ரம் படபடவென்று வெடித்தது. முந்திய பாட்டின் மிச்சத்தை முடிக்கிறார்களாக்கும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் ஜெரல்ட் அங்கிள் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். தொடங்கினேன், என் வேகத்தில்.

முதல் வரியை நான் இழுத்து முடிப்பதற்குள் பேண்ட் ஒரு சரணத்தைத் தாண்டிவிட்டது. ஆட இறங்கியவர்களுக்கு யாருடைய தாளத்துக்குக் கால் வைப்பதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

“புள்ள, கெதியா வாகா” என்று அவசரப்படுத்தினார் ட்ரம்காரர்.

நான் வேகத்தைக் கூட்டவில்லை. பிழை அவர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேண்ட் டமாலென்று பாட்டை முடித்தது. எனக்கு இன்னும் இரண்டு சரணம் இருந்தது.

தொடங்கியதைப் பாதியில் விடுகிறவளாக இருந்தால் நான் சாதாரண தரப் பரீட்சையையே தாண்டியிருக்கமாட்டேன். வாத்தியம் இல்லாமல் பாடினேன். மண்டபம் அடங்கியது. முன்வரிசையில் காது மந்தமான ஒரு அன்ரி, இது தேவாலயப் பாட்டு என்று நினைத்து எழுந்து கைகூப்பினார். பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். பூசைப் பழக்கம், ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் ஏனென்று கேட்பதில்லை. வரிசை வரிசையாக மண்டபமே எழுந்தது. ஒயின் கிளாஸ் வைத்திருந்தவர்கள் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். கடைசி வரி முடிந்ததும் யாரோ “ஆமென்” என்றார்.

“ஆட வந்த சனத்தச் செபிக்க வச்சிட்டீங்களே மகள்” என்றார் ஜெரல்ட் அங்கிள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் போனில் அசலைக் கேட்டேன். என் பாட்டை யாரோ கெடுத்து வைத்திருந்தார்கள். (இப்போதும் என் கருத்து அதுதான்.) ஆனாலும் அடுத்த நாள் காலையில் அங்கிளின் வீட்டு வாசலில் நின்றேன்.

“இடம் தாறது உங்கட விருப்பம். பழகாமப் போகமாட்டன்.”

“ஒத்திகை தேவையில்ல எண்டீங்க?”

“இனி நீங்க வேணாமெண்டாலும் வருவன்.”

என் பிடிவாதம் தாங்காமல்தான் சேர்த்தார் என்று இன்றும் சொல்கிறார். இப்போது அந்தப் பாட்டின் முதல் சரணம் என் வேகத்தில் போகும். அடுத்ததில் ட்ரம் இறங்கும்.

அப்பாவைத்தான் திருத்த முடியவில்லை. அன்று சனம் எழுந்தது எனக்காக இல்லை, செபமென்று நினைத்துத்தான் என்று எத்தனையோ தரம் விளக்கிவிட்டேன். “பொறாமையில சொல்லுறாங்க, நீ நம்பாத” என்பார். வீட்டில் அவர் தண்ணீர் குடிக்க எழும்பினாலும், “ஏன், அக்கா பாடப் போறாவா?” என்று தம்பி கேட்பான். கலியாண மண்டபங்களில் நான் வாய் திறந்ததும் முதல் ஆளாக எழுந்து, இருக்கிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அம்மா சட்டையைப் பிடித்து இழுப்பா.

“இரிங்க. இது ஆடுற பாட்டாம்.”

“ஆடுறவங்க ஆடட்டும். என்ட புள்ள பாடக்குள்ள நான் இரிக்கமாட்டன்.”