ஏழு கோப்பைச் சாயமும் மூன்றாம் இடமும்

வட்டகொடை,
மேல் லயம், நம் வீடு, அடுப்படிப் பக்கம்.
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய அக்கா தனுஷிகா அவர்களுக்கு,

தம்பி திலக்ஷன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம். அங்கும் சுகம்தான் என்று அறிவேன். அங்கு என்பது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், சற்று முன் தாங்கள் தும்மியது கேட்டது. "இனி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாத" என்று தாங்கள் சொல்லி இன்றோடு ஒன்பது நாள். எழுதாதே என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

அக்கா, நான் எத்தனையோ குறும்பு செய்திருக்கிறேன். கணக்கு டீச்சரின் குடைக்குள் கோதுமை மாவு போட்டது உட்பட எல்லாமே நினைத்தபடி நடந்தது. தங்கள் ஓட்டப் போட்டிக்காக ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக இறங்கினேன், அதுதான் இப்படி ஆனது. கஃபீன் எடுத்தால் களைப்புத் தெரியாமல் ஓடலாம், மாத்திரையாகவே விற்கிறார்கள் என்று போனில் வாசித்தேன். அதே சாமான்தான் தேயிலையிலும் இருக்கிறதாம். மலை முழுக்க மாத்திரை துளிர்த்து நிற்கும்போது நாம் ஏன் கடைக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். தினமும் குடித்துப் பழகிய உடம்பில் அது அவ்வளவாகப் பிடிக்காது, ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போட்டியன்று குடிக்க வேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவர் நம்மைப் போல் ஒரே சுவரில் ஒட்டிய தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

என் பேச்சைக் கேட்டு நீ தேத்தண்ணியை நிறுத்திய முதல் நாள் உனக்குத் தலைவலி, இரண்டாம் நாள் உன்னால் எங்களுக்குத் தலைவலி, மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மீனம்மா அத்தை தேத்தண்ணி நீட்டினாங்க. அம்மாவும் அவங்களும் ஆறு மாதச் சண்டை தீர்ந்து அன்றைக்குத்தான் பேசத் தொடங்கியிருந்தார்கள், நீ "வேணாம் அத்தை" என்றாய், "ஏன்டி, நான் என்ன மருந்தா போட்டுக் குடுக்கிறேன்?" என்று அவங்க கேட்க, உனக்கு விரதம் என்று நான் சொல்ல, காமாலை என்று அப்பா சொல்ல, பொழுது சாய்வதற்குள் நீ யாரையோ காதலிக்கிறாய் என்று லயமே முடிவு செய்துவிட்டது. அம்மாவும் அத்தையும் மறுபடி பேசுவதில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

போட்டியன்று காலை உன் எடைக்கு, பால் போடாத சாயத் தேத்தண்ணி ஏழு கோப்பை என்று கணக்கு வந்தது. அவ்வளவும் குடிக்க முடியாதே என்று சுண்டக் காய்ச்சிப் போத்தலில் அடைத்துக் கொண்டுவந்தேன். "என்னடா இது, ரோட்டுக்கு ஊத்துற தார் மாதிரி?" என்றாய். "ரோடு மாதிரி நீளமா ஓடத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே குடித்தாய். நீ என்னைப் பார்த்துக் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

வெடி வெடித்ததும் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை நூறு மீட்டர் மாதிரி ஓடினாய். இரண்டு சுற்றும் உனக்குக் கிட்ட யாருமே இல்லை, மற்றவர்கள் அரைச் சுற்றுப் பின்னால். உனக்கு ஓட்டம் பழக்கும் கணேசமூர்த்தி சேர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மூன்றாவது சுற்றில் வயிற்றைப் பிடித்தபடி கோட்டை விட்டு விலகி, மேடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்கு ஓடினாய். மைதானமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் அக்கா. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஆனால் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே ஓடி, மூன்றாவதாக வந்தாய். முதல் இரண்டு பேர்தான் மாகாணப் போட்டிக்கு. மாகாணத்தில் ஓடினால்தான் விளையாட்டுப் பாடசாலையில் இடம் கேட்கலாம் என்று சேர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். வேலைக்குப் போகாமல் பார்க்க வந்த அப்பா, "ஓடி முடிச்சிட்டாளே" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாய். நான் சொன்ன பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை. நீ இரண்டு வருசமாகப் பனியில் எழுந்து ஓடியதை நான் ஒரு போத்தலில் முடித்துவிட்டேன். இனி உன் சாப்பாடு, தண்ணி, ஓட்டம் எதிலும் தலையிட மாட்டேன். இது சத்தியம்.

தங்கள் இரண்டு கால்களுக்கும் என் வணக்கமும், கோபம் ஆற என் வேண்டுதலும் உரித்தாகுக.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்துத் தம்பி,
சி. திலக்ஷன்

பின்குறிப்பு: இதை மேலேயே எழுதியிருந்தால் மன்னிப்பை வாசிக்காமல் எழுந்து ஓடியிருப்பாய். இன்று காலை தலவாக்கலையில் சேரைக் கண்டேன். இரண்டாவதாக வந்த பிள்ளைக்குக் கால் சுளுக்காம். "அக்காகிட்ட சொல்லு, அவதான் மாகாணத்துக்குப் போறா" என்றார். இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. ஆகவே நாளையிலிருந்து உனக்குத் தேத்தண்ணி கிடையாது, லயத்தில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். ஏழு கோப்பை தப்புத்தான். இந்தத் தடவை மூன்று. அளவு சொன்னது அப்பா.